கரை தெரியும் பக்கம்

போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு சின்ன தகராறு. காரணம் கப்பல். சுத்துக்கேணியில் உட்கார்ந்துகொண்டு கப்பலுக்குத் தகராறா என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. எங்கள் ஊரில் நெல்வயல் உண்டு, கேணி உண்டு, மண்ணைத் தோண்டினால் பழங்காலத்துத் தாழி உண்டு (கசால் என்ற பிரெஞ்சுக்காரர் வந்து தோண்டி, 1956இல் புத்தகமே போட்டார்; அதைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன்). கடல் மட்டும் கிடையாது. கடலைப் பார்க்க வேண்டுமானால் பஸ் ஏறி டவுனுக்குத்தான் போக வேண்டும்.

பெங்களூரில் இருக்கிற மகன், எங்களுக்குக் கல்யாணம் ஆகி நாற்பத்தைந்து வருஷம் ஆனதற்காகச் சென்னையிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பலில் இரண்டு மூன்று நாள் அனுப்பி வைக்கிறேன் என்றான். வாட்ஸ்அப்பில் அறைகளின் படம் வந்தது. ஜன்னலே இல்லாத உள் அறை ஒன்று. கடல் தெரியும் ஜன்னல் வைத்த அறை ஒன்று. நாற்காலி போட்டு உட்காரும் பால்கனி வைத்த அறை ஒன்று. ஒவ்வொரு படிக்கும் விலை ஏறுகிறது. பால்கனி அறையின் விலையைப் பார்த்ததும் எனக்கு ஓய்வூதியப் புத்தகம் கண்ணுக்கு முன் வந்தது. மகன் பணம்தான், ஆனாலும் பணம் பணம்தானே.

"ராத்திரி தூங்கத்தானே ரூம்பு? பகல்ல மேல் தளத்துல நின்னா கடல் முழுக்க நம்மளுது. உள் அறையே போதும்" என்றேன்.

என் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எனக்குக் கரை தெரியணுங்க. இல்லன்னா நான் வரல."

அதோடு நிற்கவில்லை. பால்கனி என்றால் எந்தப் பக்கத்துப் பால்கனி, கரை எந்தப் பக்கம் வரும், அதையும் கேட்டுச் சொல்லச் சொல்லு என்றாள். ஏன் இந்தப் பிடிவாதம் என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில், அறையில் எந்தப் பக்கம் என்கிற இந்தக் கேள்வி நாம் இன்று கண்டுபிடித்தது அல்ல. அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது.

வெள்ளைக்காரன் காலத்தில் லண்டனிலிருந்து பம்பாய்க்கு வரும் கப்பலில், போகும்போது இடப்பக்க அறை, திரும்பும்போது வலப்பக்க அறை என்று பணக்காரர்கள் கேட்டு வாங்குவார்களாம். காரணம் செங்கடல். கிழக்கே வரும் கப்பல் செங்கடலில் தென்கிழக்காக இறங்குகிறது. அப்போது வலப்பக்கம் சாயங்கால வெயிலை வாங்கி, இரும்புச் சுவர் இரவெல்லாம் அடுப்பாகத் தகிக்கும். இடப்பக்கம் காலை வெயிலோடு தப்பித்துவிடும். குளிர்சாதனம் இல்லாத காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை. 'போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்' என்ற இந்த ஏற்பாட்டின் முதல் எழுத்துகளைச் சேர்த்துத்தான் 'பாஷ்' என்ற ஆங்கிலச் சொல்லே பிறந்தது என்று என் ஆசிரியர் ஒருவர் வகுப்பில் சொன்னார். நானும் நாற்பது வருஷம் பிறருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது கட்டுக்கதை என்று அகராதிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அப்படி எழுத்துப் பொறித்த டிக்கெட் ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை. வெயில் கணக்கு மட்டும் உண்மை.

நம் புதுவைக்கு வருவோம். நமக்கு வெயிலைவிடக் கரைதான் பெரிய பிரச்சினை. கப்பல் கரைக்கு வந்து ஒட்டி நிற்கும் துறைமுகம் நமக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கப்பல் தொலைவில் நங்கூரம் போடும். ஆளும் சரக்கும் சலங்கில் ஏறி அலையைத் தாண்டிப் போக வேண்டும். சலங்கு என்பது ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த படகு. அலை தூக்கி அடித்தாலும் உடையாமல் வளைந்து கொடுக்கும். ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் தொடங்கி எழுதிய நாட்குறிப்பில் கப்பல் வருவதும் பீரங்கி போடுவதும் சலங்கு போய் வருவதும் ஏராளம். அவருக்குக் கப்பல் வரவு என்பது இன்று நமக்குச் சம்பளத் தேதி மாதிரி.

இரும்புப் பாலம் கட்டியது 1866இல். அதுவும் படகுகள் வந்து ஒட்டத்தான். கப்பல் அப்போதும் வெளியேதான் நின்றது. 1952 புயல் அந்தப் பாலத்தைக் கொண்டுபோனது. பிறகு கட்டி 1962இல் திறந்த பாலத்தை நம்மில் பலரும் பார்த்திருக்கிறோம். 2022 மார்ச்சில் அதிலும் ஒரு பகுதி இடிந்து கடலில் விழுந்தது. அன்று செய்தியில் படத்தைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரி அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் குடும்பக் கதையில் வருவது முந்தைய பாலம், 1866 பாலம். ஆனால் துக்கத்துக்கு வருஷக் கணக்கு தெரியாது.

பிரெஞ்சு அரசின் தபாலைச் சுமந்த மெஸாஜெரி மாரித்தீம் கம்பெனி, 1862இல் சூயஸிலிருந்து சைகோனுக்குக் கப்பல் விட்டது. காலி துறைமுகத்திலிருந்து கிளை பிரிந்து ஒரு கப்பல் புதுச்சேரி, சென்னை வழியாகக் கல்கத்தா போய் வந்தது. சூயஸ் கால்வாய் திறந்தது 1869இல். அதன்பின் நம் ஜனங்களுக்கு மர்சேய், சைகோன் இரண்டும் அண்டை ஊர் மாதிரி ஆகிவிட்டன. அதற்கு முன்பே இன்னொரு விதமான பயணம் தொடங்கிவிட்டது. 1853 மே மாதம் 'ஒரேலி' என்ற பாய்மரக் கப்பல் நம் பக்கத்துக் கூலிகளை மார்த்தினிக் தீவில் கொண்டுபோய் இறக்கியது. அவர்களிடம் எந்தப் பக்கம் வேண்டும் என்று யார் கேட்டார்கள்? கப்பலின் வயிற்றுக்குள் படுத்துக் கிடந்தார்கள்.

கப்பலில் அறை என்றதும் எனக்கு உடனே நினைவு வருவது 1910 ஏப்ரல். அரவிந்தர் கல்கத்தாவிலிருந்து புதுவைக்கு வந்த கதை. 'துப்ளேக்ஸ்' என்ற மெஸாஜெரிக் கப்பல், ஏப்ரல் 1 விடியற்காலை புறப்பட்டது. பெயரை மாற்றிக்கொண்டு, போலீசை ஏமாற்ற டிக்கெட்டைக் கொழும்பு வரை எடுத்து, துணைக்கு ஒருவரோடு, தனி அறையில் வந்தார். 4ஆம் தேதி சாயங்காலம் கப்பல் புதுவைக்கு வெளியே நின்றபோது, இங்கே காத்திருந்த நண்பர்கள் படகில் போய்க் கப்பலில் ஏறி, அங்கேயே தேநீர் குடித்துவிட்டு, அவரைக் கீழே இறக்கிக் கொண்டுவந்தார்கள். இன்று நாம் அறை கேட்பது வெளியே பார்க்க. அவருக்கு அறை தேவைப்பட்டது வெளியே இருப்பவர் கண்ணில் படாமல் இருக்க. ஜன்னல் இருந்திருந்தால் திரை போட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

பால்கனி என்பது ரொம்பப் பிந்தி வந்த சௌகரியம். பழைய கப்பல்களில் ராஜா மாதிரி காசு கொடுப்பவர்களுக்கு மட்டும் ஒன்றிரண்டு இருந்தன. 1984இல் வந்த 'ராயல் பிரின்சஸ்' கப்பலில்தான் எல்லா அறையும் வெளிப்பக்கம் பார்த்தபடி அமைந்தது; அதிலும் பால்கனி சிலதுக்கே. அதற்குப் பிறகு கட்டிய கப்பல்கள் அடுக்குமாடி வீடு மாதிரி பால்கனியாகவே எழும்பின.

நம் தலைமுறையில் கப்பல் பார்த்தவர்கள் ரஜூலாவைப் பார்த்திருப்பீர்கள். 1926இல் கட்டிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. டெக் டிக்கெட் எடுத்து, பாயும் தகரப்பெட்டியும் கூஜாவுமாகப் போன கதையை உங்கள் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். அதற்கடுத்து வந்த 'சிதம்பரம்' நமக்குப் புதியவன் இல்லை. மெஸாஜெரி கம்பெனிக்காக 1966இல் கட்டிய 'பாஸ்தர்' என்ற பிரெஞ்சுக் கப்பல்தான் அது. தென்னமெரிக்கா போய்வந்த கப்பலை நம் ஷிப்பிங் கார்ப்பரேஷன் வாங்கிப் பெயர் மாற்றியது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பல உயிர்களைக் கொண்டு, அதோடு முடிந்தது. அதே கம்பெனியின் 'கம்போட்ஜ்' கப்பலின் கதை வேறு. மர்சேயிலிருந்து கொழும்பு, சைகோன் வழியாக ஜப்பான் வரை ஓடியதை ஒரு கிரேக்கக் கம்பெனி வாங்கி, 'ஸ்டெல்லா சோலாரிஸ்' என்று உல்லாசக் கப்பலாக மாற்றியது. கடைசியில் அது உடைபட வந்த இடம் நம் குஜராத்தின் அலங்கு, 2003இல்.

இப்போது புதுவைக் கடலுக்கு வந்த உல்லாசக் கப்பல். 2022 ஜூன் 4ஆம் தேதி சென்னையில் முதலமைச்சர் ஸ்டாலின் கொடி அசைத்து அனுப்பிய கார்டிலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பல், புதுவையிலும் நிற்பதாக இருந்தது. கப்பலில் சூதாட்டம் உண்டு, கலாச்சாரம் கெடும் என்று இங்கே எதிர்ப்பு கிளம்பியது. அனுமதி இல்லை என்று துணைநிலை ஆளுநர் தமிழிசை சொன்னார். கப்பல் கடலோடு நின்றுவிட்டுப் போனது. 2025 ஜூலை 4ஆம் தேதி அனுமதியோடு வந்தது. பழைய கதைதான்: கப்பல் தொலைவில் நின்றது, பயணிகள் படகில் இறங்கினார்கள். சலங்குக்குப் பதில் மோட்டார் படகு, அவ்வளவே. இந்தக் கப்பலும் பிரான்சில், சேன் நசேர் தளத்தில் 1990இல் கட்டியது. வேறு பெயரில் அமெரிக்கப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. புதுவைக்கும் பிரெஞ்சுக் கப்பலுக்கும் உள்ள முடிச்சு அவிழ்கிற மாதிரி தெரியவில்லை.

அன்று காலை நானும் அவளும் பீச் ரோட்டுக்குப் போய்ப் பார்த்தோம். வெயிலில் வெள்ளையாக ஒரு கட்டடம் தண்ணீர் மேல் நிற்கிறது. கூட்டம் செல்போனில் படம் எடுத்தது. இவள் படம் எடுக்கவில்லை. "அங்கேருந்து பாத்தா நாம தெரிவமா?" என்று கேட்டாள். அன்றைக்கே ஆசை விழுந்துவிட்டது போல.

அவள் கதை இதுதான். அவளை வளர்த்தது அவள் ஆயா, அப்பாவைப் பெற்றவர். ஆயாவின் வீட்டுக்காரர் சைகோனில் போலீஸ் வேலைக்குப் போனார். புதுவைத் தமிழர்கள் போலீசு, சிறைக்காவல், வரி வசூல் என்று அந்தப் பக்கம் நிறையப் பேர் போன காலம் அது. 1936, ஆவணி மாதம். டெக் பயணி. ஆயா இரண்டு வயசுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இரும்புப் பாலத்தின் முனைவரை போனார். படகு போனது, கப்பலேறியது தெரிந்தது, பிறகு எல்லாத் தலையும் ஒரே மாதிரி. கை ஆட்டினார். இன்னொரு பக்கம் நின்றிருந்தால் என்ன செய்வது என்று ஆட்டிக்கொண்டே இருந்தார். நாலைந்து வருஷம் பணம் வந்தது. யுத்தம் வந்தது, ஜப்பான்காரன் சைகோனுக்குள் வந்தான், பணம் நின்றது, கடிதமும் நின்றது. அவர் வரவே இல்லை. ஆயா கட்டிலில் படுத்துக் கிடந்த கடைசி நாளிலும் இதையே கேட்டாராம்: "அவரு எந்தப் பக்கம் நின்னாரு? என்னப் பாத்தாரா?"

இந்தக் கேள்வியை நான் முப்பது வருஷமாகக் கேட்டிருக்கிறேன், பதில் தேடியதில்லை. அறை வாங்கும் தகராறு வந்த பிறகுதான், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு நண்பரைப் பார்க்க முத்தியால்பேட்டைக்குப் போனேன். சென்னையிலிருந்து தெற்கே வரும்போது கரை வலப்பக்கம், ஆகவே வலப்பக்கப் பால்கனி கேட்டால் சரிதானே என்றேன்.

அவர் சிரித்தார். "ஓடுற கப்பலுக்கு அது சரி. ஆனா ராத்திரில ஓடி வரும், உங்களுக்கு என்ன தெரியும்? நங்கூரம் போட்ட பிறகு கப்பல் கட்டிப்போட்ட மாடு மாதிரி. முளையைச் சுத்தும்."

பிறகு காகிதம் எடுத்து வரைந்து காட்டினார். நங்கூரச் சங்கிலி இருப்பது மூக்கில். அதனால் காற்றும் நீரோட்டமும் எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசைக்கு மூக்கைத் திருப்பிக்கொண்டு நிற்கும். நம் கடலில் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் நீரோட்டம் வடக்கே போகிறது. மூக்கு தெற்கே திரும்பும், கரை வலப்பக்கம் வரும். ஐப்பசி கார்த்திகை வாடைக் காலத்தில் எல்லாம் தலைகீழ். மூக்கு வடக்கே, கரை இடப்பக்கம். (அந்த மாதங்களில் பழைய கப்பல்கள் இங்கே நிற்கவே பயப்படும். 1746 அக்டோபரில் லாபூர்தொனே சென்னைக்கு வெளியே ஒரே இரவுப் புயலில் கப்பல்களை இழந்தான்.) இதிலும் மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று எழும்பினால் மூக்கு கிழக்கே திரும்பி, கப்பலின் முதுகு ஊரைப் பார்க்கும். அப்போது எந்தப் பக்கத்துப் பால்கனிக்காரனும் கழுத்தை வளைத்தால்தான் கரையைப் பார்க்கலாம். காலையில் ஊரைப் பார்த்த பால்கனி சாயங்காலம் வெறுங்கடலைப் பார்க்கும். பக்கத்துக்காரனுக்கு யோகம் அடிக்கும்.

அப்படியானால் எதற்கு ஒரு பக்கத்தை அடம்பிடிப்பது என்று நிம்மதியாகத் திரும்பினேன். பஸ்ஸில் வரும்போது, வில்லியனூர் தாண்டியிருக்கும், அந்த 1936 ஆவணி மனசுக்குள் வந்தது. இதே கணக்கை அதற்கும் போட்டுப் பார்க்கலாமே?

ஆவணி என்றால் தென்மேற்குக் காற்று. காலையில் கப்பலின் வலப்பக்கம் ஊரைப் பார்த்திருக்கும். மத்தியானத்துக்கு மேல் முதுகு. ஆயா சொன்னபடி கப்பல் புறப்பட்டது விளக்கு வைக்கும் நேரம். நங்கூரம் தூக்கிச் சிங்கப்பூர்ப் பக்கம் போகிற கப்பல் கிழக்கே தலை வைத்ததும், ஊர் இடப்பக்கமும் இல்லை, வலப்பக்கமும் இல்லை. நேர் பின்னால். முதல் வகுப்பில் காசு கொடுத்து ஜன்னல் வாங்கினவனுக்கு அந்த நேரத்தில் ஜன்னலில் தெரிந்தது தண்ணீர் மட்டும்தான். டெக் டிக்கெட்காரனுக்கு அறையும் கிடையாது, பக்கமும் கிடையாது. திறந்த தளத்தில் பாயைப் போட்டுவிட்டுப் பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். இரும்புப் பாலமும், 1836இலிருந்து எரிந்துகொண்டிருந்த கலங்கரை விளக்கமும் கண்ணுக்கு மறைகிறவரை அவனுக்குத் தெரிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். ஒரு தட்டில் மிளகாய் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். காகிதத்தில் நண்பர் போலவே வரைந்தும் காட்டினேன். ரொம்ப நேரம் அந்தக் காகிதத்தையே பார்த்தாள்.

"அப்ப அவரு பாத்திருப்பாரு?"

"ஆயாவோட மூஞ்சி தெரிஞ்சிருக்காது. பாலம் தெரிஞ்சிருக்கும். பாலத்து மேல ஆள் நிக்கிறது கொஞ்ச தூரம் வரைக்கும் தெரிஞ்சிருக்கும்."

"பக்கம் மாறி நிக்கலையே?"

"மாற வேண்டிய அவசியமே இல்ல. எல்லாரும் பின்னாடிதான் நின்னிருப்பாங்க."

அவள் மிளகாய்த் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மகனுக்கு அவளே போன் போட்டாள். பால்கனி வேண்டாம், ஜன்னல் வைத்த அறை போதும். ஆனால் புதுவையில் நிற்கிற கப்பலாகத்தான் இருக்க வேண்டும், சாயங்காலம் புறப்படுவதாக இருக்க வேண்டும் என்றாள். அவன் எதுவும் புரியாமல் சரி சரி என்றான். உள் அறை என்று நான் சொன்னதும் எடுபடவில்லை, பால்கனி என்று அவள் சொன்னதும் நிற்கவில்லை, நடுவில் முடிந்தது.

புதுவையில் நிற்கிற தேதி இன்னும் வரவில்லை. வந்ததும் சொல்கிறேன் என்றான் மகன். அதற்குள் இவள் பரணிலிருந்து இரண்டு ஸ்வெட்டரை எடுத்து வெயிலில் காயப் போட்டிருக்கிறாள். கடலில் சாயங்காலக் காற்று குளிருமாம், பின்னாடி ரொம்ப நேரம் நிற்க வேண்டியிருக்குமாம்.